ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்: பொருளை எங்கே தேடுவது?

கேள்வி: புறக்கோட்டையில் உள்ள கிளியரிங் நிறுவனமொன்றில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். பாடசாலையில் தமிழ் மொழிமூலம் படித்தவள். ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் அலுவலகக் கடிதங்களில் என்னைத் தடுமாற வைக்கின்றன. சரக்கு வந்துசேரும் நாளை 'கொன்ஃபேர்ம்' செய்கிறோம் என்று எழுதவேண்டிய இடத்தில் 'கொன்ஃபோர்ம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். முதலெழுத்துகள் ஒன்றாக இருந்தால் பொருளும் நெருங்கியிருக்கும், ஆகவே அகராதியைப் பக்கம் பக்கமாகப் படியுங்கள் என்று எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார். இரண்டு மாதங்கள் அப்படியே படித்தும் குழப்பம் கூடியிருக்கிறது. களஞ்சியச் சுவரில் 'இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருப்பதைக்கூட, 'இன்' என்றால் இல்லை என்று கொண்டு, 'தீப்பற்றாதது' என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நான் என்ன செய்யவேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் நினைவாற்றலில் குறை இல்லை, படித்த முறையில்தான் குறை இருக்கிறது. முதலெழுத்துகள் ஒன்றாக இருப்பது சில சொற்களில் உண்மையான பொருளுறவைக் காட்டும். சிலவற்றில் வேறொரு மொழியிலிருந்து வந்த வேறொரு பொருளைக் காட்டும். இன்னும் சிலவற்றில் எதையுமே காட்டாது. ஆங்கிலத்துக்குப் போகுமுன் இதை நம் மொழியிலேயே பார்த்துவிடலாம். அவன், அங்கே, அப்போது ஆகிய சொற்களின் அகரம் சேய்மையைச் சுட்டுகிறது. அநீதி, அசுத்தம் ஆகியவற்றின் அகரம் வடமொழி வழியாக வந்த எதிர்மறை. அரிசி, அடுப்பு ஆகியவற்றின் அகரத்துக்குத் தனிப்பொருள் எதுவும் இல்லை, அது சொல்லின் உடம்போடு பிறந்தது. இந்த மூன்றையும் நாம் பிழையின்றிப் பிரித்தறிவது முதலெழுத்தைப் பார்த்து அன்று, அதன் பின்னால் என்ன நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான். ஆங்கிலத்திலும் அதே கண்ணைப் பயன்படுத்தவேண்டும் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதன்மையான ஆலோசனை.

அகராதியைப் பக்கவாரியாகப் படிப்பது ஏன் உதவவில்லை என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். அகரத்தை ஆதியாகக் கொண்டு அடுக்கியதால்தான் அதற்கு அகராதி என்று பெயர். அந்த அடுக்கு சொல்லைத் தேடி எடுப்பதற்கான வசதி மட்டுமே. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை ஆக்குவதற்கு முன் நம் முன்னோர் சொற்களைக் கற்றது நிகண்டுகளில். சூடாமணி நிகண்டின் 12 தொகுதிகளில் தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் என்று சொற்கள் பொருளால் கூட்டப்பட்டிருக்கின்றன. ஆங்கிலத்திலும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதியை ரொபர்ட் கோட்ரி 1604இல் வெளியிட்டபோது, எழுத்துவரிசையை மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள் என்று வாசகர்களுக்கு முன்னுரையில் சொல்லவேண்டியிருந்தது. எழுத்துவரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சொற்கள் ஒரே வீதியில் வசிக்கும் அந்நியர்களைப் போன்றவை. ஒத்த உருவமுள்ள சொற்களை ஒரே இருப்பில் படித்தால் மனம் அவற்றை ஒன்றோடொன்று பின்னிவிடும். பல ஆண்டுகளாக வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்துவரும் நான் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். தேடுவதற்கு அகராதியும் படிப்பதற்கு நிகண்டு முறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்களைத் தடுமாற வைத்த சொற்களுக்கு வருகிறேன். 'கொன்ஃபேர்ம்', 'கொன்ஃபோர்ம்' இரண்டிலும் 'கொன்' என்ற தலைப்பகுதியை விரலால் மறைத்துவிடுங்கள். ஒன்றில் 'ஃபேர்ம்' மிஞ்சுகிறது, அது உறுதி. மற்றதில் 'ஃபோர்ம்' மிஞ்சுகிறது, அது உருவம். நீங்கள் நாள்தோறும் நிரப்பும் படிவத்துக்கும் அதே சொல்தான். ஆகவே முன்னையது உறுதிப்படுத்துதல், பின்னையது ஒரு வடிவத்துக்கோ விதிக்கோ இணங்கி அமைதல். சரக்கு வரும் நாளை நாம் உறுதிப்படுத்துகிறோம். சரக்கின் தரம் நியமத்துக்கு இணங்கி அமைகிறது. உங்கள் மேசைக்கு வரும் மற்றச் சொற்களும் இப்படியே திறக்கும். 'கொன்டெய்னர்' என்பதில் பின்னால் இருப்பது பிடித்துவைத்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் வேர், 'கொன்ட்ராக்ட்' என்பதில் இழுத்தல், சரக்கைப் பெறுபவரைக் குறிக்கும் 'கொன்சைனி' என்பதில் அடையாளம் அல்லது முத்திரை. பொருளைத் தாங்கி நிற்பது பின்பகுதி; 'கொன்' சேர்ந்து என்றோ முற்றாக என்றோ ஒரு சாயலை மட்டும் ஏற்றுகிறது.

இந்த வேர்களில் ஒன்றை நீங்கள் வேலைக்குப் போகும் வழியிலேயே காணலாம். புறக்கோட்டைத் தெருக்களில் மூட்டை சுமக்கும் நாட்டாமியை ஆங்கிலத்தில் 'போர்ட்டர்' என்பார்கள். இலத்தீனில் 'போர்ட்டாரே' என்றால் சுமத்தல். உள்ளே சுமந்துவருவது 'இம்போர்ட்', வெளியே சுமந்துசெல்வது 'எக்ஸ்போர்ட்', ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்திச் சுமப்பது 'டிரான்ஸ்போர்ட்', செய்தியைத் திரும்பச் சுமந்துவந்து சேர்ப்பது 'ரிப்போர்ட்', கீழிருந்து தாங்குவது 'சப்போர்ட்'. இந்த ஐந்தும் அகராதியில் ஐந்து வேறு இடங்களில் சிதறிக் கிடப்பவை. ஆனால் ஒரே நாளில் சேர்த்துப் படிக்கத்தக்கவை இவைதான்.

'கொன்' எல்லா இடத்திலும் 'கொன்' ஆகவே இருப்பதில்லை என்பதும் உங்களைக் குழப்பியிருக்கலாம். அதன் மூலவடிவம் 'கொம்'. அடுத்து வரும் எழுத்துக்கேற்ப அது 'கொம்பைன்', 'கொலெக்ட்', 'கொரெக்ட்' என்று உருமாறும். மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் ஆவது போன்ற புணர்ச்சி இது. வடமொழியின் 'சம்' என்பதும், சேர்ந்து என்ற அதே சாயலோடு, சங்கமம், சஞ்சாரம், சந்தி, சம்பந்தம் என்று எழுத்துக்கு எழுத்து மாறுவதை நாம் அறிவோம். ஆனால் சங்கமத்தில் இருக்கும் அந்த 'சம்' நம் சங்கில் இல்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: சங்குக்கு 'கொன்ச்' என்று பெயர், சீ, ஓ, என் என்றே தொடங்கினாலும் அங்கே முன்னொட்டு எதுவும் இல்லை. தலைப்பகுதியை மறைத்துப் பாருங்கள், வேர் என்று சொல்லத்தக்கது எதுவும் மிஞ்சாது.

அடுத்தது 'இன்'. இங்கே நீங்கள் தவறியதில் வியப்பில்லை, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் தவறிய இடம் அது. இலத்தீனிலிருந்து இரண்டு 'இன்'கள் ஆங்கிலத்துக்கு வந்திருக்கின்றன. ஒன்று இல்லை என்பது, மற்றது உள்ளே அல்லது மேலே என்பது. பெரும்பாலும் பயன்படும் ஓர் அடையாளம் சொல்கிறேன்: பண்பைச் சொல்லும் சொல்லின் முன்னால் வந்தால் 'இன்' எதிர்மறையாக இருக்கும், செயலைச் சொல்லும் சொல்லின் முன்னால் வந்தால் உள்ளே என்ற பொருளில் இருக்கும். சரியற்ற, முழுமையற்ற என்னும் பொருளுள்ள 'இன்கொரெக்ட்', 'இன்கம்பிளீட்' முதல் வகை. உள்நோக்கிப் பார்க்கும் 'இன்ஸ்பெக்ட்', உள்ளே செலுத்தும் 'இன்ஜெக்ட்' இரண்டாம் வகை. நீங்கள் தட்டச்சு செய்யும் 'இன்வொய்ஸ்'கூட இரண்டாவதைச் சேர்ந்ததே. வழிமேல் அனுப்பிவைத்தல் என்ற பழைய பொருளிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'இன்ஃபிளேமபிள்' என்பது பண்புச் சொல்லாகத் தோன்றினாலும், தீமூட்டு என்னும் செயலான 'இன்ஃபிளேம்' என்பதிலிருந்து பிறந்தது. ஆகவே அதன் பொருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. 'ஃபிளேமபிள்' என்பதற்கும் அதே பொருள்தான். இந்தக் குழப்பம் உயிராபத்தாக முடியும் என்பதால், 1920களிலேயே அமெரிக்காவின் தேசிய தீத்தடுப்புச் சங்கம் 'ஃபிளேமபிள்' என்ற குறுகிய வடிவத்தையே பயன்படுத்தும்படி வலியுறுத்தியது.

இதோடு 'இன்வலுவபிள்' என்ற சொல்லையும் பிழையாக விளங்கிக்கொள்ளாதிருங்கள். அதில் இருப்பது எதிர்மறை 'இன்' என்பது சரிதான், ஆனால் பொருள் மதிப்பில்லாதது அன்று, மதிப்பிட இயலாத அளவுக்கு உயர்ந்தது. நாம் விலைமதிப்பற்ற உதவி என்று எழுதும்போது செய்வதும் அதுவே.

'ப்ரி', 'ப்ரோ', 'பேர்' என்ற மூன்றும் தமிழருக்குத் தனிப்பட்ட சிக்கலைத் தருகின்றன. நம்முடைய 'முன்' என்ற சொல் காலத்தால் முந்தியதையும் குறிக்கிறது, கண்ணெதிரே உள்ள இடத்தையும் குறிக்கிறது. ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்துவைத்திருக்கிறது: 'ப்ரி' என்றால் முன்பு, 'ப்ரோ' என்றால் முன்னோக்கி அல்லது பலர் முன்னிலையில். இவற்றோடு செல்லுதல் என்ற ஒரே வேர் சேரும்போது, 'ப்ரிசீட்' இன்னொன்றுக்கு முன்பாக வருவதையும் 'ப்ரொசீட்' மேற்கொண்டு செல்வதையும் குறிக்கும். இரண்டின் ஈற்று எழுத்துக்கூட்டலும் வேறுவேறு என்பதால், எழுதிய பிறகு ஒருமுறை சரிபாருங்கள்.

எழுதுதல் என்ற வேர் சேரும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. வைத்தியர் மருந்தை முன்கூட்டியே எழுதித்தருவது 'ப்ரிஸ்கிரைப்'. 'ப்ரொஸ்கிரைப்' என்பதோ தடைசெய்தல். கி.மு. 82இல் ரோமில் சுல்லா என்ற படைத்தலைவன் தன் எதிரிகளின் பெயர்களைப் பொதுவிடத்தில் எழுதி ஒட்டச்செய்து, அவர்களைக் கொல்லலாம் என்று அறிவித்தான். பலர் முன்னிலையில் பெயரை எழுதுதல் அப்படித்தான் சட்டத்துக்குப் புறம்பாக்குதல் என்ற பொருளைப் பெற்றது. ஓர் அமைப்பு தடைசெய்யப்பட்டதாக நம் நாட்டு வர்த்தமானியில் ஆங்கிலத்தில் அறிவிக்கப்படும்போது நீங்கள் காண்பதும் இச்சொல்லையே. என்னிடம் படித்த ஒருவர் மருத்துவ விடுப்புக் கடிதத்தில், வைத்தியர் தமக்கு மாத்திரைகளைத் தடைசெய்தார் என்ற பொருள்படும்படி எழுதியிருந்தார். பிழை ஓர் உயிரெழுத்தில்தான், ஆனால் வாக்கியம் தலைகீழாகிவிட்டது.

'ப்ரொசிக்யூட்', 'பேர்சிக்யூட்' என்ற இணையை நான் மிகவும் விரும்பிக் கற்பிப்பேன், ஏனென்றால் இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. இரண்டின் வேரும் தொடர்தல். முன்னையதை நாம் வழக்குத் தொடர்தல் என்றே சொல்கிறோம். இலத்தீன்காரர் தேர்ந்த அதே வினையைத் தமிழரும் தேர்ந்திருக்கிறார்கள். பின்னையதில் 'பேர்' என்பது விடாது, முற்றாக என்ற பொருளைத் தருவதால், ஓயாமல் பின்தொடர்ந்து துன்புறுத்துதல் என்றாகிறது.

'பரா' என்று தொடங்கும் சொற்களை ஒரு குடும்பமாக எண்ணிப் படித்தால் என்ன நேரும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 'பரகிராஃப்', 'பரலல்' ஆகியவற்றில் இருப்பது பக்கத்தில் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல். 'பரசூட்', 'பரசோல்' ஆகியவற்றில் இருப்பது தடுத்தல் என்ற பொருளில் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. ஒன்று விழுவதிலிருந்து காக்கிறது, மற்றது வெயிலிலிருந்து காக்கிறது. 'பரடைஸ்' பழைய ஈரானிய மொழியில் சுவர் சூழ்ந்த தோட்டம். அதன் முற்பகுதிக்குச் சுற்றிலும் என்று பொருள். எழுத்து ஒன்று, வழி மூன்று.

'ஜீ-எல்' என்று தொடங்கும் 'குளோ', 'கிளீம்', 'கிளிட்டர்' ஒளியையும், 'எஸ்-என்' என்று தொடங்கும் 'ஸ்னோர்', 'ஸ்னிஃப்', 'ஸ்னவுட்' மூக்கையும் சார்ந்திருப்பது உண்மையே. தும்மலைக் குறிக்கும் 'ஸ்னீஸ்' முற்காலத்தில் எஃப்-என் என்று தொடங்கியது. பிறகு மூக்குச் சொற்களின் கூட்டத்தில் வந்து சேர்ந்துகொண்டது. ஆயினும் 'ஸ்னேக்' என்ற பாம்புக்கும் 'குளவ்' என்ற கையுறைக்கும் இவற்றோடு தொடர்பில்லை. ஆகவே இதை ஒரு சுவையாக அறிந்துகொள்ளுங்கள், விதியாகக் கொள்ளாதீர்கள்.

அலுவலகத்தில் உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் ஒன்று 'ரி'. திரும்ப என்ற பொருளில் அதை எந்த வினையோடும் சேர்க்கலாம் என்று எண்ணி, ஒப்பந்தத்தில் மீண்டும் கையொப்பமிடும்படி வாடிக்கையாளரைக் கேட்கும்போது 'ரிசைன்' என்று சேர்த்து எழுதிவிடாதீர்கள். அது பதவி விலகல். மீண்டும் கையொப்பமிடுவதற்கு நடுவில் சிறுகோடு இட்டு எழுதவேண்டும். உச்சரிப்பும் வேறு: விலகுவதில் நடு எழுத்து இஸட் போல அதிரும்; மீண்டும் கையொப்பமிடுவதில் 'ரீ' நீண்டு நின்று 'சைன்' தனியே ஒலிக்கும்.

பயிற்சிக்கு ஒரு கொப்பி போதும். அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வேரைத் தலைப்பாக எழுதுங்கள்: சுமத்தல், எழுதுதல், செல்லுதல், பிடித்தல், பார்த்தல். உங்கள் கோப்புகளில் வரும் சொற்களை அந்தந்தப் பக்கத்தில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் உண்மையில் அனுப்பிய கடிதத்திலிருந்தே ஒரு முழு வாக்கியத்தை எழுதுங்கள். உருவத்தால் மயக்கும் இணைகளில் ஒன்று கைக்கு நன்றாகப் பழகிய பிறகே மற்றதைத் தொடுங்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு வாரமாவது போகட்டும். ஐயம் வந்தால் பெரிய ஆங்கில அகராதியில் சொல்லின் பிறப்பைச் சொல்லும் பகுதியைப் பாருங்கள். முன்னொட்டும் வேரும் பிரித்துக் காட்டப்பட்டிருந்தால் அந்தச் சொல்லை நீங்களும் பிரித்துப் படிக்கலாம், இல்லாவிட்டால் முழுச்சொல்லாகவே பழகிக்கொள்ளுங்கள்.

களஞ்சியச் சுவர் மட்டும் உங்கள் பயிற்சி முடியும்வரை காத்திருக்கக் கூடாது. அங்கே வேலை செய்பவர்களில் உங்களைப் போலவே அதைத் தீப்பற்றாதது என்று வாசித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம். உங்கள் மேலாளரிடம் சொல்லி அந்த எழுத்தை அழித்து, 'ஃபிளேமபிள்' என்று ஆங்கிலத்திலும், எளிதில் தீப்பற்றும் என்று தமிழிலும், அதே பொருளில் சிங்களத்திலும் எழுதச் செய்யுங்கள். பக்கத்தில், தீப்பற்றும் திரவங்களுக்கு உலகெங்கும் வழங்கும் 3ஆம் வகுப்புக்கான சிவப்புச் சாய்சதுரத்தையும் சுடர்க்குறியோடு வரையச் சொல்லுங்கள். எந்த மொழியும் வாசிக்கத் தெரியாத ஒருவர் அங்கே பீடியோடு வந்து நின்றாலும் அது அவருக்கு விளங்கும்.