ஒருநாள் சம்பளமும் ஒரு மாம்பழக் கலர் புடவையும்

அன்புள்ள ஐயா,

மேடையிலும் சின்னத்திரையிலும் நெடுநாளாக நடித்துவரும் ஒருவரின் சொத்து மதிப்பு 8 கோடி என்று இணையத்தில் படித்தேன். ஒருநாள் சம்பளமும் போட்டிருந்தார்கள். என் தங்கை மகள் வேலையை விட்டுவிட்டு சீரியலில் நடிக்கப் போகிறேன் என்கிறாள். நடிப்பை நம்பி வாழ முடியுமா? நாடகம் இன்னும் சோறு போடுகிறதா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அந்த 8 கோடியை முதலில் மறந்துவிடுங்கள். அவருடைய வீட்டுப் பத்திரத்தையும் கடன் பாக்கியையும் யார் போய்ப் பார்த்தது? ஒருநாள் சம்பளத்தை 30-ஆல் பெருக்கி, அதை 12-ஆல் பெருக்கினால் யார் வேண்டுமானாலும் கோடீஸ்வரர்தான். படித்தவர் நீங்கள், இதைக்கூட யோசிக்க வேண்டாமா?

என் சித்தி ஒருவர் நடிகை. எழுபதுகளில் சென்னை சபா நாடகங்களில் இருந்தார். கூட நடித்த ஆண்கள் பெரும்பாலும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்கள். சினிமா இயக்குநர் பாலசந்தரே ஏஜி ஆபீஸ் என்கிற அரசுக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு நாடகம் போட்டவர்தானே. ஐந்து மணிக்கு ஆபீஸ் விட்டு வந்து மேக்கப் போட்டுக்கொள்வார்கள். சித்திக்கு அதுதான் பிழைப்பு. நாடகத்துக்கு இவ்வளவு என்று கவரில் வரும். மழை வந்து நாடகம் ரத்தானால் கவரும் இல்லை. அந்த ஆண்கள் பின்னால் பென்ஷன் வாங்கிக்கொண்டு, “நாங்கள் காசுக்காக நடிக்கவில்லை” என்று மேடையில் பேசுவார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெருமையை முதல் தேதிச் சம்பளம் அல்லவா வாங்கிக் கொடுத்தது?

அப்புறம் சித்தி சீரியலுக்கு வந்தார். அங்கேயும் நாள் கணக்குதான். பெரியம்மா வேடத்துக்கு மாதம் நாலைந்து டேட், அதாவது ஷூட்டிங் நாள், விழுந்தால் பெரிது. கதையில் பெரியம்மா காசிக்குப் போய்விட்டால் அதுவும் போச்சு. டிடிஎஸ் என்று வருமான வரிக்கு முன்கூட்டியே 10 சதவீதம் பிடித்தது போக மிச்சம், இரண்டு மூன்று மாதம் கழித்துச் செக்காக வரும். புடவை, ரவிக்கை, கவரிங் நகை எல்லாம் சொந்தச் செலவு. காட்சி பாதியில் நின்றால் மறுபடி எடுக்கும்போது அதே புடவை வேண்டும். அதற்குக் கன்டின்யூட்டி என்று பெயர். சித்தி அந்தப் புடவைகளைத் துவைத்து மடித்து, சீட்டில் காட்சியை எழுதி ஊக்கால் குத்திப் பீரோவில் வைத்திருப்பார். ஒரு தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர் புடவையும் அதில் மாட்டிக்கொண்டது. பொங்கலுக்குக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். “அது இன்னும் கோர்ட்டில் சாட்சி சொல்லிக்கிட்டு நிக்குதுடா” என்றார். அந்தக் காட்சியை அவரை வைத்து எடுக்கவே இல்லை. ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் ஒரு வரி வந்தது. அவருக்கு போன்கூட வரவில்லை.

நாடகம் சோறு போடுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைத்துப் போடும் ‘ஸ்பெஷல் நாடக’க்காரர்களுக்கு மாசியிலிருந்து ஆடிவரை, திருவிழாக் காலத்தில், போடுகிறது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை மகளைத் திட்டாதீர்கள். ஆசைப்படுகிற வயது. வேலையை மட்டும் இப்போதைக்கு விட வேண்டாம் என்று சொல்லுங்கள். சீரியல் கம்பெனி மேனேஜர் அவளிடம் ஒருநாள் சம்பளத்தை மட்டும் சொல்லியிருப்பார். மாதம் எத்தனை நாள், பணம் எப்போது கைக்கு வரும், புடவை யாருடையது என்று கேட்டுக்கொண்டு வரட்டும். பதில் தெரிந்ததும் எழுதுங்கள். 8 கோடிக்காரரைப் பற்றி எழுத வேண்டாம்.