ஜடேஜா போன பிறகு சேப்பாக்கம் போகலாமா?

2008 முதல் சிஎஸ்கே ரசிகர், ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்ததும் மஞ்சள் சட்டையைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, மகனோ டிக்கெட் கேட்கிறான் என்கிறீர்கள். கோபம் நியாயம்தான். 2023 ஃபைனலில் கடைசி இரண்டு பந்தில் ஆறும் நாலும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவரை சஞ்சு சாம்சனுக்காக மாற்றிக்கொண்டார்கள், கூடவே சாம் கரனும் போனார்.

ஆனால் சார், ஐபிஎல் முதல் நாளிலிருந்தே ஏலக்கடைதான். 2018ல் அஸ்வின், 2022ல் டூப்ளெசி, எல்லாரும் போனார்கள். அதற்கு முன் 2016, 2017ல் சூதாட்டப் புகாரில் சிஎஸ்கேவுக்கே தடை, டீமே இல்லை, அப்பவும் தாங்கினோமே. எனக்கும் பற்று குறைந்துவிட்டது, இப்போது டீமைவிட ஆளைத்தான் பார்க்கிறேன். நம்மூர் ஸ்பின்னர் சாய் கிஷோரை எடுத்துக்கொள்ளுங்கள்: சிஎஸ்கேயில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார், குஜராத்துக்குப் போய்த்தான் ஆடினார், அதே மனுஷன் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் 2023-24ல் தமிழ்நாட்டுக்கு 53 விக்கெட் எடுத்தார். ஒரு சீசன் ரஞ்சியைப் பின்தொடர்ந்து பாருங்கள், அங்கே இந்த விலைப்பட்டியல் தொல்லை இல்லை.

மகனைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், உங்கள் கோபத்தை அவன் தலையில் கட்டாதீர்கள். சட்டை எந்தக் கலரில் போடுவது என்பது உங்கள் இஷ்டம். ராஜஸ்தான் இங்கே ஆட வந்தால் அந்த மேட்சுக்கே எடுங்கள், ஜடேஜா பீல்டிங்கையாவது பார்க்கலாம்.