வெட்டிக்கொண்டே போனால் டிராவா?

வணக்கம் சார். என் மகளுக்கு 13 வயது, செஸ் ரேட்டிங் 1460. போன வாரம் முதல் சுற்றிலேயே 1860 ரேட்டிங் உள்ளவரோடு ஆட்டம் விழுந்தது. "கிடைத்த காயையெல்லாம் வெட்டிக்கொண்டே போ, டிரா ஆகிவிடும்" என்று சொல்லி அனுப்பினேன். அப்படியே ஆடித் தோற்றுவிட்டாள். இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. நான் சொன்னது தப்பா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

தப்புதான். ஆனால் பல அப்பாக்கள் செய்கிற தப்பு.

ஸ்விஸ் முறையில், அதாவது தோற்றாலும் வெளியேறாமல் எல்லாச் சுற்றும் ஆடுகிற போட்டியில், முதல் சுற்று அப்படித்தான் விழும். ரேட்டிங் வரிசையில் மேல்பாதிக்காரர்கள் கீழ்பாதிக்காரர்களோடு ஆட வேண்டும். ரேட்டிங்கில் 400 புள்ளி வித்தியாசம் என்றால், நூறு ஆட்டத்தில் உங்கள் மகளுக்கு ஒன்பது புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) தேறும் என்கிறது, ரேட்டிங்குக்கு அடிப்படையான எலோ கணக்கு. அந்த ஒன்பதும் பலமானவர் குழம்புகிற இடத்தில்தான் பெரும்பாலும் கிடைக்கும். காய்களை வெட்டித் தள்ளினால் குழப்பமும் போய்விடுகிறது. மிச்சமிருப்பது ராஜாவும் நாலு சிப்பாயும். அங்கே பிசகாமல் கணக்குப் போடத் தெரிந்தவருக்குக் கொண்டாட்டம்.

1936இல் நாட்டிங்காமில் பிரிட்டிஷ் ஆட்டக்காரர் வில்லியம் வின்டர், முன்னாள் உலக சாம்பியன் அலெகைனோடு வெள்ளையில் பிரெஞ்சு எக்ஸ்சேஞ்ச் என்ற தொடக்கத்தை ஆடினார். மூன்றாவது நகர்த்தலிலேயே நடுச் சிப்பாய்கள் வெட்டுப்பட்டு, இரு பக்கமும் அச்சடித்த மாதிரி ஆகிவிடும். டிரா வேண்டுபவர்களின் செல்லத் தொடக்கம். அலெகைன் அசரவில்லை. ஆறாவது நகர்த்தலில் ராணியை வெள்ளை ராஜாவின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். அப்புறம் ராணிப் பக்கம் காஸ்லிங் (ராஜாவை யானையோடு சேர்த்து ஓரத்துக்கு நகர்த்துவது) செய்தார். கறுப்பு ஜெயித்தது. (நானும் கல்லூரிக் காலத்தில் பதினைந்தாவது நகர்த்தலில் டிரா கேட்டிருக்கிறேன். எதிரே இருந்த பையன் தலையே நிமிரவில்லை. ஒரு சிப்பாயில் போனது ஆட்டம்.)

மாறாக, 2023 கத்தார் மாஸ்டர்ஸில் கஜகஸ்தானின் சுலைமெனோவ், ரேட்டிங்கில் 300 புள்ளிக்கு மேல் கீழே இருந்தும் முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனைத் தாக்கி ஆடி வென்றார். அதே போட்டியில் நம் தஞ்சாவூர் கார்த்திகேயன் முரளி, கறுப்புக் காய்களோடு கார்ல்சனைத் தோற்கடித்தார்.

மகளிடம் அந்த ஆட்டத்தின் ஸ்கோர்ஷீட் (நகர்த்தல்களை எழுதிய தாள்) இருக்கும், கேட்டு வாங்குங்கள். ராணிகள் வெட்டுப்பட்ட நகர்த்தலில் நிறுத்தி, "இங்கே உனக்கு வேறு என்ன ஆடத் தோன்றியது?" என்று கேளுங்கள். இந்த முறை நீங்கள் யோசனை எதுவும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்.