டேட் இருக்கு, ஆனா ஹாப்ஸ் நாறுது, யூஸ் பண்ணலாமா?

கேள்வி: வீட்லயே பீர் காய்ச்சுறேன், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான். மொத்தமா வாங்கினா விலை கம்மின்னு ஹாப்ஸ் பெல்லட் (பீருக்கு கசப்பும் வாசனையும் தர்ற பூவ அரைச்சு அமுக்குன உருண்டை) அரை கிலோ, உடைச்ச மால்ட் (முளைகட்டி காய வச்ச பார்லி) பத்து கிலோ, ட்ரை ஈஸ்ட் நாலு பாக்கெட் வாங்கிட்டேன். ஹாப்ஸ் பைக்கு ரப்பர் பேண்ட் போட்டு ஷெல்ஃப்ல வச்சிருந்தேன், நாலு மாசம் கழிச்சு திறந்தா அழுக்கு சாக்ஸ் வாடை. பாக்கெட்ல இன்னும் ஒண்ணரை வருஷம் டேட் இருக்கு. யூஸ் பண்ணலாமா?

பதில்: டேட்ட விடுங்க, உங்க மூக்கு சொல்றதுதான் சரி. அந்த ஹாப்ஸ் போச்சு, தூக்கிப் போடுங்க.

சாக்ஸ், பழைய சீஸ் மாதிரி அடிக்கிறது ஹாப்ஸ்ல இருக்க கசப்புச் சத்து காத்து பட்டு உடைஞ்சு வர்ற ஒரு ஆசிடோட வாடை, பேரு உங்களுக்கு வேணாம். பாக்கெட்ல போட்டிருக்க டேட் சீல் உடைக்காம குளிர்ல வச்சாதான் செல்லும், நீங்க வெட்டுன நிமிஷமே அது முடிஞ்சுது. இத கொட்டை எழுத்துல போட்டா என்ன கேடு? "குளிர்ந்த இடத்தில் வைக்கவும்"னு எறும்பு சைஸ்ல போட்டுட்டு கை கழுவிடுறாங்க.

ஹாப்ஸுக்கு எதிரி காத்து, சூடு, வெளிச்சம், இந்த மூணும்தான். சூட்டுக்கு ஒரு குத்துமதிப்பு கணக்கு இருக்கு, 15 டிகிரி குறைஞ்சா கெடுற வேகம் பாதியாகும், அப்ப 27 டிகிரி ஷெல்ஃப்ல ஒரு மாசத்துல நடக்குறது மைனஸ் 18 ஃப்ரீசர்ல நடக்க எட்டு மாசம் ஆகும். அதனால ஃப்ரீசர்தான், வேற பேச்சே இல்ல. சாதா பாலித்தீன் கவர் வேணாம், அது வழியா காத்து போகும். ஃபாயில் பைல 30, 30 கிராமா பிரிச்சு வேக்யூம் சீல் போட்டுடுங்க, ஒவ்வொரு தடவையும் பெரிய பையத் திறந்து மூட வேண்டியதில்ல. ஃப்ரீசர் கதவத் திறந்ததும் ஹாப்ஸ் வாசனை கமகமன்னு வந்தா சந்தோஷப்படாதீங்க, பை லீக்குன்னு அர்த்தம், வாசனை வெளிய வர்ற வழியில காத்து உள்ள போகுது.

நாத்தம் இல்லாம வாசனை மட்டும் மங்கியிருந்தா கசப்புக்கு யூஸ் பண்ணலாம், அளவக் கூட்டிக்கணும். பாக்கெட்ல 10 சதவீதம் ஆல்ஃபான்னு (அந்த கசப்புச் சத்தோட அளவு) போட்டது 7க்கு இறங்கியிருக்கும்னு வச்சா, 28 கிராம் போடுற இடத்துல 40 கிராம்.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன். மூட்டையா வாங்கி, பிரிச்சு, சின்னப் பாக்கெட்ல கட்டி விக்கிற இடைத்தரகர் கூட்டம் ஒண்ணு இருக்கு. அவங்க போடுறது பேக்கிங் தேதி, நமக்கு வேணும்கிறது அறுவடை வருஷம். போன மாசம் பேக் பண்ணதுன்னு எனக்கு ஒரு பாக்கெட் வந்துது, வெட்டுனா உள்ள பச்சைக்குப் பதிலா காஞ்ச புல்லு கலர், துருவிக் கேட்டா மூணு வருஷத்துக்கு முந்துன அறுவடை. அதுக்கு அந்த ஆளு கூசாம சொன்ன பதில், "சார் இது ஏஜ்டு ஹாப்ஸ், பெல்ஜியத்துல இதத்தான் போடுறாங்க."

பாதி உண்மைங்கிறதுதான் கடுப்பு. பெல்ஜியத்துல லாம்பிக்னு ஒரு புளிப்பு பீர் இருக்கு, அதுக்கு வேணும்னே வருஷக்கணக்கா பழசாக்குன ஹாப்ஸ்தான் போடுவாங்க. அங்க கசப்பு வேணாம், வாசனையும் வேணாம், வேண்டாத பாக்டீரியாவ அடக்குற சக்தி மட்டும் போதும், அதையும் அள்ளி அள்ளிப் போட்டு மணிக்கணக்கா கொதிக்க விடுறாங்க, அப்புறம் பீப்பாயில வருஷக்கணக்கா ஊற விடுறாங்க, அதுல சீஸ் வாடையெல்லாம் அடங்கிடும். நீங்க மூணு வாரத்துல பாட்டில்ல ஊத்துற பீர்ல அடங்காது. லாம்பிக் போடப் போறீங்களா? இல்லேல்ல? அப்ப அந்தக் கதைய நம்பாதீங்க. அறுவடை வருஷம் கேளுங்க, மழுப்புனா வாங்காதீங்க.

ஈஸ்ட்டுக்கு சிம்பிள். ட்ரை ஈஸ்ட் பாக்கெட் ஃப்ரிட்ஜ்ல. வேக்யூம் போட்ட பாக்கெட்னா அமுக்கிப் பாத்தா கல்லு மாதிரி இருக்கணும், தொளதொளன்னு இருந்தா உள்ள காத்து புகுந்துருச்சு, குப்பை. திறந்தத மடிச்சு டேப் ஒட்டி ஃப்ரிட்ஜ்லயே வச்சு சில நாள்ல தீத்துடுங்க. பின்னாடி லிக்விட் ஈஸ்ட் வாங்குனா அத மட்டும் ஃப்ரீசர்ல வச்சுடாதீங்க, ஐஸ் கட்டி குத்தி செல்லு செத்துடும்.

மால்ட்தான் எனக்கு கவலை. உடைக்காத தானியம்னா காத்துப்புகாத டப்பாவுல, ஈரமில்லாத எடத்துல ஆறு மாசத்துக்கு மேலயும் தாங்கும். உடைச்சது சில வாரம்தான். விக்கிறவன் "உடைச்சுத் தரேன், ஃப்ரீ"ன்னு சொன்னதும் தலையாட்டிட்டீங்க, இல்ல? அடுத்த தடவ முழுசா வாங்கி காய்ச்சுற அன்னிக்கு உடைங்க. இப்ப மிச்சமிருக்கதுல பெரிய துண்டா ஒரு பிடி எடுத்து வாயில போட்டு கடிங்க. கடக்குன்னு உடைஞ்சு இனிப்பு தட்டுனா இந்த வாரமே காய்ச்சிடுங்க. நமத்துப்போய் பல்லுல ஒட்டுனாலோ, காறல் அடிச்சாலோ, மூட்டையோட வெளிய வச்சிடுங்க. வண்டு கண்ணுல பட்டா ஹாப்ஸ் வைக்கப் போற அந்த ஃப்ரீசர் பக்கமே கொண்டு போகாதீங்க, அப்படியே கட்டி குப்பைக்கு.