நர்ஸம்மா கோபித்துக்கொண்டால் என்ன செய்வது?

கேள்வி: அக்கா, உசிலம்பட்டி பக்கம் கிராமம் எங்களுக்கு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது, மூன்று மாதமாக யாரும் வரவில்லை. போய்க் கேட்டால் நர்ஸம்மா சத்தம் போடுகிறார். புகார் கொடுக்கலாம் என்றால், "நாளைக்கு ஒரு அவசரம்னா அந்தப் பிள்ளைகிட்டதான போகணும்" என்று அம்மா தடுக்கிறார்.

பதில்: அம்மாவின் பயத்தைத் தள்ளிவிட முடியாது தங்கச்சி, ஊருக்கு ஒரே நர்ஸம்மா இருக்கிற இடத்தில் எல்லோருக்கும் வருகிற பயம்தான் அது. ஆனால் ஒரு தடவை பக்கவாதம் வந்தவர் பிரஷர் மாத்திரை இல்லாமல் இருப்பது அதைவிட ஆபத்து. அதனால் இன்றைக்கே சீட்டை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரையை வாங்கிவிடுங்கள், புகாரெல்லாம் அப்புறம்.

சரி, புகாருக்கு வருவோம். வீட்டுக்கு மாத்திரை வருவது யாருடைய தயவும் இல்லை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அது, தேவைப்படுபவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் அதில் உண்டு. பெரும்பாலும் மாத்திரை கொண்டுவருவது நர்ஸம்மா இல்லை, சுகாதாரத் தன்னார்வலராக இருக்கும் ஒரு பெண். அவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம், அந்த இடம் காலியாகக் கிடக்கலாம். ஆகவே "நர்ஸம்மா சரியில்லை" என்று எழுதாதீர்கள். "என் அப்பாவுக்கு இந்தத் தேதியிலிருந்து மாத்திரை வரவில்லை, மறுபடி எப்போது வரும், யார் கொண்டுவருவார்கள்" என்று மட்டும் கேளுங்கள். ஆளைக் குறை சொல்லாத மனுவுக்குக் கோபப்பட யாருக்கும் இடம் இருக்காது, அம்மாவும் தடுக்க மாட்டார்.

நான் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் அம்மாவை ஒரு அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது ஸ்ட்ரெச்சர் தள்ள 200 ரூபாய் கேட்டார்கள். வராண்டாவிலேயே நின்று கத்தினேன், நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் என் தங்கை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதி, நேரம், வார்டு எண், கேட்ட தொகை என்று ஐந்தே வரி எழுதி நிலைய மருத்துவ அலுவலரிடம் கொடுத்தாள். சாயங்காலமே கூப்பிட்டு விசாரித்தார்கள்.

நீங்களும் ஒரு பக்கத்துக்குள் எழுதி முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். இரண்டு பிரதி வேண்டும், ஒன்றில் சீலும் கையெழுத்தும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வாயால் சொன்னதை யாரும் சொல்லவே இல்லை என்பார்கள், சீல் விழுந்த தாளை அப்படிச் சொல்ல முடியாது. பத்து நாள் பார்த்தும் அசைவில்லையென்றால் அடுத்து வட்டார மருத்துவ அலுவலர். நடுவில் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கும் போன் போடலாம், முதல்வரின் உதவி மையம் 1100-லும் சொல்லலாம், அவர்கள் தரும் மனு எண்ணை அந்தப் பிரதியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால் திங்கட்கிழமை காலையில் மதுரை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் காசு வாங்கிக்கொண்டு மனு எழுதித் தருபவர்கள் இருப்பார்கள், உங்களுக்கு அது தேவையே இல்லை, எனக்கு எழுதிய இந்தக் கடிதமே தெளிவாக இருக்கிறது.

மனு என்ன ஆனது என்றே தெரியாமல் போனால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கேள்வி: மாமியாரின் முதியோர் பென்ஷன் திடீரென்று நின்றுவிட்டது. அதற்கும் இதே மனுவா? – திருமங்கலம் வாசகி

பதில்: இல்லை, அது வருவாய்த் துறை. தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரைப் பாருங்கள். போகும்போது பேங்க் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு எடுத்துப் போங்கள், கடைசியாகப் பணம் ஏறிய மாதத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.