சிம்ஸ் 4 மருத்துவர் மோடு: “தொடும் முன் அனுமதி கேள்” மெனுவில் வரவில்லை

சிம்ஸ் 4 கேமில் மருத்துவர் மோடு (ரசிகர்கள் செய்யும் கூடுதல் கோப்பு) போட்டும், “தொடும் முன் அனுமதி கேள்” மெனுவில் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மோடின் ஸ்கிரிப்ட் கோப்பை (.ts4script என்று முடிவது) மோட்ஸ் ஃபோல்டருக்குள் நேரடியாக இழுத்துப் போடுங்கள். நீங்கள் காட்டிய பாதையில் அது மோட்ஸ் > வேலை > மருத்துவர் என்று இரண்டு அடுக்கு கீழே கிடக்கிறது. பேக்கேஜ் கோப்பு (.package என்று முடிவது) 5 அடுக்கு உள்ளே இருந்தாலும் கேம் படித்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் ஓர் அடுக்குக்கு மேல் உள்ளே போனால் கண்டுகொள்ளாது, எர்ரரும் காட்டாது. அதனால்தான் நோயாளியைக் கிளிக் செய்தால் பழைய பரிசோதனைகள் மட்டும் வரிசை கட்டி நிற்கின்றன.

சரிபார்க்க:

1. கேமை மூடி, சிம்ஸ் 4 ஃபோல்டரில் உள்ள லோக்கல்தம்ப்கேஷ் (localthumbcache.package) என்ற தற்காலிகக் கோப்பை அழியுங்கள். பயப்பட வேண்டாம், அது தானாகத் திரும்ப உருவாகும்.
2. கேம் ஆப்ஷன்ஸ் > அதர் பக்கத்தில் மோடு, ஸ்கிரிப்ட் மோடு இரண்டுக்கும் டிக் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு பேட்ச்சுக்குப் (கேம் அப்டேட்) பிறகும் கேம் இவற்றை அணைத்துவிடும். எத்தனை முறை பட்டாலும் எனக்கு இது மறந்துபோகிறது.
3. கேமைத் திரும்பத் திறக்கும்போது வரும் மோடு பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

பட்டியலில் பெயர் இருந்தும் மெனு வரவில்லை என்றால், அந்த மோடு இப்போதைய பேட்ச்சுக்கு ஒத்துவரவில்லை என்றே நினைக்கிறேன். புதிய பதிப்பு வரும்வரை எடுத்துவிடுங்கள். சேவ் கோப்பை முதலில் நகல் எடுத்துக்கொண்டு.

இன்னொன்று: மருத்துவர் வேலையே கெட் டு வொர்க் என்ற, தனியாக வாங்கும் கூடுதல் பேக்கில்தான் வருகிறது. சோதிக்கும்போது உங்கள் சிம் பணி நேரத்தில் மருத்துவமனையில் இருக்கட்டும். வீட்டு வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கிளிக் செய்து பார்ப்பதில் பயனில்லை.