வீட்டிலேயே ஆயில் மாற்றப் போய் மழுங்கிய போல்ட்

கேள்வி: என்னிடம் ஒன்பது ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் இருக்கிறது. சென்ற முறை சர்வீஸ் பில்லில் பாதிக்கு மேல் கூலியாகவும் ‘கிளீனிங்’ கட்டணமாகவுமே இருந்ததால், இந்த முறை என்ஜின் ஆயிலை நானே மாற்ற முடிவு செய்தேன். இணையக் கடையில் என் காரின் பெயரைக் குறிப்பிட்டு, ‘பொருந்தும்’ என்று எழுதியிருந்த ஆயில் ஃபில்டரை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் வண்டிக்கு அடியில் கிடந்தும் பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் கழலவில்லை. ஸ்பேனர் வழுக்கி அதன் தலை மழுங்கிவிட்டது. பிறகு ஃபில்டரின் எண்ணைச் சரிபார்த்தால், அது அதே காரின் டீசல் என்ஜினுக்கு உரியது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பவர். நான் என்ன செய்வது? இனி இந்த வேலையை வீட்டில் செய்யலாமா? — ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதலில் போல்ட்டை விட்டுவிடுங்கள். அது கழலவில்லை, ஆயிலும் கசியவில்லை என்றால், டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு அருகிலுள்ள மெக்கானிக்கிடம் வண்டியை ஓட்டியே செல்லலாம். தலை மழுங்கிய போல்ட்டைக் கழற்றுவது பட்டறைகளில் அன்றாட வேலை. சற்றுச் சிறிய சாக்கெட்டை அதன்மேல் அடித்து இறக்கியோ, அதற்கென்றே உள்ள எக்ஸ்ட்ராக்டரால் பிடித்தோ கழற்றிவிடுவார்கள். புதிய போல்ட்டும் வாஷரும் பெரிய செலவல்ல. ஆனால் நீங்களே மறுபடி முயன்று சம்ப்பின் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின்) மரை போய்விட்டால், மரையைச் சீர்செய்யவோ சம்ப்பையே மாற்றவோ நேரிடும். அலுமினிய சம்ப்பாக இருந்தால் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

உங்களுக்கு நேர்ந்தது திறமைக் குறைவால் அன்று. முந்தைய சர்வீஸில் யாரோ அளவுக்கு மேல் இறுக்கியிருக்கலாம். பல பட்டறைகளில், குறித்த முறுக்குவிசை அளவுக்கே இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கையின் பலத்தாலேயே முறுக்குகிறார்கள். வீட்டில் நாம் எடுப்பதோ பெரும்பாலும் பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர். அது போல்ட்டின் மூலைகளை மட்டுமே பற்றுவதால், இறுகிய போல்ட்டில் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஆறு பக்கச் சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும் இருந்திருந்தால் ஒருவேளை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அடியில் கிடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி இருந்தீர்களா என்பதை எழுதவில்லை. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. சமதளத்தில், உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் வண்டி நிற்காதவரை அதன் அடியில் தலையை நீட்டவே கூடாது. இதை நான் வேண்டுகோளாகவே எழுதுகிறேன்.

இனி ஃபில்டர். இதில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் பொருளில் இல்லாவிட்டால், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. பெட்டியைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் எண்ணை எப்படிப் பார்ப்பது? ஆகவே, ‘பிரித்துவிட்டீர்கள்’ என்ற பதில் இங்கே எடுபடாது. ஆனால் அந்த விற்பனைப் பக்கத்தில் உங்கள் காரின் பெட்ரோல் வகைக்குப் பொருந்தும் என்றோ, எரிபொருள் வகையைக் குறிப்பிடாமல் காரின் பெயரை மட்டுமோ எழுதியிருக்க வேண்டும். எங்காவது ஒரு வரியில் ‘டீசல்’ என்று இருந்தால் உங்கள் வாதம் வலுவிழக்கும். எனவே, பக்கம் மாற்றப்படுவதற்கு முன் இன்றே படமெடுத்து வையுங்கள். பில், ஃபில்டரின் எண் தெரியும் புகைப்படம், ஆர்.சி.யில் எரிபொருள் வகை எழுதப்பட்ட பக்கம் ஆகியவற்றுடன் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதாக அவர் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அப்படி நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. சில நூறு ரூபாய் ஃபில்டருக்காக வழக்கு வரை போவது உங்கள் விருப்பம். ஆனால் உதவி எண்ணில் புகார் செய்வதையாவது தவிர்க்காதீர்கள். இதே பக்கத்தை நம்பி அடுத்தவரும் வாங்கக்கூடும்.

அடுத்த முறை காரின் பெயரை வைத்து எதையும் வாங்க வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை உதிரிபாகக் கடையில் கொடுத்தால், உங்கள் வண்டிக்குரிய பாக எண்ணைக் கணினியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒரே பெயரில் வரும் காரிலும் தயாரித்த ஆண்டைப் பொறுத்து என்ஜின் மாறியிருக்கலாம். பில் இல்லாமல் ஆயில் வாங்குவதும் தவறு. போலி ஆயில் என்று பிறகு சந்தேகம் வந்தால், பில்லும் டப்பாவில் அச்சிட்ட பேட்ச் எண்ணும்தான் உங்களிடம் மிஞ்சும் சான்றுகள்.

வீட்டில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏர் ஃபில்டர், ஏ.சி. கேபின் ஃபில்டர், வைப்பர், பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்வது ஆகியவற்றைத் தாராளமாகச் செய்யுங்கள். பல கார்களில் ஏர் ஃபில்டரைக் கிளிப்புகளை விடுவித்தாலே எடுத்துவிடலாம். ஆயில் மாற்றுவதை மட்டும் நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலைக்காக ஸ்டாண்டுகள், டார்க் ரெஞ்ச், ஃபில்டர் ரெஞ்ச், வடிகலம் எல்லாம் வாங்கினால், அந்தச் செலவை மீட்கச் சில ஆண்டுகள் ஆகும். வடித்த பழைய ஆயில் அபாயகரக் கழிவு. சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றக் கூடாது, எப்படியும் பட்டறைக்குத்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதைவிட, கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே பில்லுடன் வாங்கிக்கொண்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் கூலி கொடுத்து, அருகில் நின்று மாற்றுங்கள். புதிய வாஷர் போடச் சொல்லி, போல்ட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கே இறுக்கச் சொல்லுங்கள். சிறிய கார்கள் பலவற்றில் அந்த முறுக்குவிசை 30 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்.

கேள்வி: புதுக் கார். வெளியில் சர்வீஸ் செய்தால் வாரண்டி முழுவதும் போய்விடும் என்கிறார்கள். உண்மையா? — ஒரு வாசகி, ஈரோடு

பதில்: 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கும் அதிகமாக அபராதம் விதித்தபோது, வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டுமே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் உத்தரவிட்டது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்கு உள்ளானதால், அதை மட்டும் நம்பித் துணிய வேண்டாம். வாரண்டி புத்தகத்தில் காலமுறை சர்வீஸை எங்கே செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள். வாரண்டிக் காலம் முடியும் வரை, குறித்த கிலோமீட்டரில் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்திலேயே சர்வீஸ் செய்து, ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்துங்கள். வைப்பரையோ ஏர் ஃபில்டரையோ நீங்களே மாற்றிக்கொண்டால், சர்வீஸின்போது அதே வேலையைப் பில்லில் சேர்க்க வேண்டாம் என்று ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில்) எழுதச் சொல்லி, அதன்பின் கையெழுத்திடுங்கள்.